பதினெட்டுக் கட்டுப் பூண்டும் உங்கள் காற்றுக் கணக்கும்

வில்பட்டியில் மூன்று நாளாக விடாத தூறல். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டைப் பக்கத்து வீட்டுக்காரி இன்று காலை இறக்கினாள். ஈரச் சுவரைத் தாண்டி அந்த வாசம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது ஒரு வாசமே இல்லை. எனக்கு மட்டும் இரண்டு வருஷமாக அது மூக்கில் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. எழுந்து கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள், காற்றளக்கும் துணிக்கூட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. குடையை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்துவிட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்கள் கோயில் உபதேசியார் எழுதுகிறார். அவர் கையில் வருவது ஏட்டுத் தமிழ், என் வாயில் வருவது வேறு. ஆனால் விஷயம் மாறாது. ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது தாயி. பெருமாள்மலைக் கட்டடத்தில் இன்றும் உங்கள் பேச்சு வந்தால், "கணக்கத் தப்பாப் போட்டுட்டுப் போன மேடம்" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் கணக்கில் தப்பு இல்லை. அதை நான் வாய் திறந்து சொல்லாததால் எல்லாம் நடந்தது.

நீங்கள் முதலில் வந்தது ஆவணி மாதம், ஒரு திங்கள்கிழமை. முதுகில் ஒரு பை, கையில் ஒரு நீளப் பெட்டி. பெருமாள்மலை டீக்கடையில் நின்று, "கம்ப்யூட்டர் கம்பெனி எங்கங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. "பழைய முட்டைக்கோஸ் குடோனக் கேக்குறீகளோ?" என்று நான்தான் எழுந்து கூட்டிப் போனேன். அங்கே முட்டைக்கோசும் கேரட்டும் அடுக்கின காலத்திலிருந்தே நான் காவல். பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்து, மலையில் குளிர் சும்மா கிடைக்கிறதே என்று வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவற்றுக்குள் ஓய்வே இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டர்கள். கட்டடத்தோடு சேர்த்து என்னையும் வைத்துக்கொண்டார்கள்.

ஊரே கம்பளிக்குள் கிடக்கும் நாளிலும் அந்த அலமாரிகளின் பின்பக்கம் நின்றால் வேர்க்கும். "கொடைக்கானலுக்கு வந்து ஏசி போடுறாய்ங்க பாரு" என்று நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

"அய்யா, இதுக்கெல்லாம் மூக்கு முன்னாடி இருக்கு. மூச்ச முதுகு வழியா விடுது. விட்ட மூச்சையே சுத்தி வந்து திரும்ப இழுத்துரக் கூடாது. அவ்வளவுதான் என் சோலி."

"நம்ம மலை பஸ்ஸுல அதானம்மா நடக்குது. கண்ணாடியப் பூராம் சாத்திக்கிட்டு" என்றேன்.

"அதேதான். அதான் உங்க பஸ்ஸுல எனக்கு வாந்தி வருது."

அந்த அறையின் தரை பொய்த்தரை. முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மூலைக்கு ஒன்றாக இரண்டு பெரிய குளிர் இயந்திரங்கள் தரைக்கு அடியில் குளிர்காற்றைத் தள்ளும். அலமாரிகளுக்கு முன்னால் பதித்த ஓட்டைப் பலகைகள் வழியே அது மேலே வரும். அலமாரி அதைக் குடித்துவிட்டு, சூட்டைப் பின்னால் விடும். சூடு மேலே ஏறி, பொய்க்கூரைக்குள் நுழைந்து, மூலை இயந்திரங்களுக்கே திரும்பிப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டத்தை நீங்கள் கம்ப்யூட்டரில் படமாகப் போட்டு வைத்திருந்தீர்கள். குளிர் நீலம், சூடு சிவப்பு. படம் சொல்வதும் அறையில் நடப்பதும் ஒன்றா என்று பார்க்கத்தான் அந்தத் துணிக்கூடு. ஒவ்வொரு ஓட்டைப் பலகை மேலும் அதைக் கவிழ்த்தால், எவ்வளவு காற்று வருகிறது என்று ஒரு எண் காட்டும்.

பலகைகள் நாற்பது. இரண்டு கையும் கூட்டைப் பிடித்திருக்க எழுதுவது எப்படி? நீங்கள் எண்ணைச் சத்தமாகச் சொன்னீர்கள், நான் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் நாற்பதையும் ஒப்பித்தேன். முதல் நாள் நீங்கள் என்னை நம்பவில்லை. திரும்பப் போய் ஏழெட்டுப் பலகையை அளந்து பார்த்தீர்கள். சரியாக இருந்தது.

"உங்க தலைக்குள்ள டேப்பா ஓடுது?"

"எழுதத் தெரிஞ்சவுகளுக்கு மறக்க வசதி இருக்கு தாயி. எனக்கு அது இல்ல."

அன்றிலிருந்து நோட்டு எடுத்து வரவில்லை நீங்கள். மேனேஜர் கேட்டால், "நோட்டு டீ குடிக்கப் போயிருக்கு சார்" என்பீர்கள். மத்தியானம் ஒரு மணிக்கு விருதுநகரிலிருந்து உங்கள் அம்மா போன் பண்ணுவார். "சாப்ட்டியாடி? என்னத்தச் சாப்ட்ட?" என்பது எனக்கும் கேட்கும். என் தோட்டத்துக் கேரட்டை மண்ணை மட்டும் தட்டிவிட்டுக் கடித்தபடியே, "சாம்பார் சாதம்மா" என்று வாய் கூசாமல் சொல்வீர்கள்.

ஆவணி முடிகிறபோது படமும் அளவும் ஒத்துப்போயின. நீங்கள் கை தட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பிக் கடைசி வரிசையிலும் அலமாரிகளை நிரப்பினார்கள். நீங்கள் ஊருக்குப் போனீர்கள்.

இனிமேல் சொல்வதைக் கேட்டு உபதேசியார் பேனாவை நிறுத்திவிட்டார். "இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். இதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

பூண்டு போடுகிறவனுக்கு விதைதான் உயிர். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் அழுகும், இல்லையென்றால் முளைத்துப் போகும். அதற்குத்தான் எல்லோரும் அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிடுவது. என் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து புகை போய்விட்டது. நீங்கள் வருவதற்கு முந்தின வருஷம் தகரக் கூரையில் பனி சொட்டிப் பாதி விதை அழுகிப் போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள், அந்தப் பொய்க்கூரைக்குள் தூசி துடைக்க ஏறினேன். மழையில் நனைந்து போன சட்டை, நான் இறங்குவதற்குள் உடம்பிலேயே காய்ந்துவிட்டது. அவ்வளவு உலர்ந்த சூட்டுக்காற்று, ஒரு நொடி நிற்காமல். பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் நாலு கட்டுப் பூண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் மேலே கட்டினேன்.

நாலு பதினெட்டானது. மச்சினன் விதையும் அதில் சேர்த்தி. காற்று எங்கே பலமாக இழுக்கிறதோ அங்கே சீக்கிரம் காயும். அது கடைசி வரிசைக்கு மேலே, இரண்டாவது இயந்திரம் சூட்டை உறிஞ்சுகிற வாய். அந்த வாயை மறைத்து நெருக்கி நெருக்கிக் கட்டினேன். பூண்டுச் சருகு பறந்து போய் இயந்திரத்தின் வலையில் ஒட்டும். வலை துடைப்பதும் என் சோலிதான். காலையில் வெள்ளனே போய்த் துடைத்துவிடுவேன். மனதில் கள்ளம் இருந்ததா என்று கேட்டால், சருகைத் துடைத்தேனே, இருந்திருக்கிறது.

ஒரு வாரத்தில் கடைசி வரிசை சுட ஆரம்பித்தது. உங்களை வரச் சொன்னார்கள். மூன்று நாள் அளந்தீர்கள். ஒன்றிலிருந்து முப்பது வரை பலகைகள் பழைய மாதிரியே. முப்பத்தொன்றிலிருந்து எண் இறங்கியது. முப்பத்தேழில் பாதிகூட இல்லை. ஊதுபத்தியைக் கொளுத்திக் கடைசி அலமாரியின் நெற்றிக்கு நேரே பிடித்தீர்கள். பின்பக்கத்திலிருந்து அலமாரியின் தலைக்கு மேலே ஏறி முன்பக்கம் வந்து விழுந்தது புகை. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. உங்கள் படத்தில் அந்த இடம் நீலம்.

மேனேஜர் கதவில் சாய்ந்து நின்றார். "மேடம், உங்க படத்துல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ரூம்ல அடிக்கலையே. பேசாம கம்ப்யூட்டரையெல்லாம் உங்க படத்துக்குள்ள வச்சுருவோமா?"

நீங்கள் தரைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தீர்கள். வயர் போகும் ஓட்டைகளை அடைத்தீர்கள். கடைசியில் அண்ணாந்து கூரையைப் பார்த்தீர்கள். ஏணி ஏறினால் உங்களுக்குத் தலை சுற்றும் என்று எனக்குத் தெரியும்.

"என்னமோ பூண்டு வாசம் அடிக்குதுய்யா."

"வில்பட்டிக்காரன் பக்கத்துல நிக்கிறான்ல தாயி. சட்டை, வேட்டி எல்லாம் அதான்."

சிரித்தீர்கள். பிறகு, "மேல மட்டும் ஏறி ஒரு பார்வை பாத்துட்டு வாங்கய்யா. வழியில ஏதும் அடைச்சுக் கெடக்கான்னு" என்றீர்கள்.

ஏறினேன். கூரைப் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். பதினெட்டுக் கட்டும் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன. அப்போதே அவிழ்த்துக் கீழே போட்டிருக்கலாம். போட்டால் மேனேஜர் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார், விதையும் போயிருக்கும். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும்? கொஞ்ச நேரம் ஏணியில் நின்று, நன்றாகத் தேடிப் பார்த்தவன் மாதிரி இறங்கி வந்தேன்.

"ஒண்ணும் இல்ல தாயி. சுத்தமாக் கெடக்கு."

"நீங்க பாத்தா சரிதான்" என்று சொல்லி, கூரையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்கள். வேறு யாராவது பார்த்திருந்தால் இன்னொரு ஆளையும் ஏற்றியிருப்பீர்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கடைசி வரிசை அலமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடு தாங்காமல் நின்றன. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் கத்தியது ரோட்டுவரை கேட்டது. சாயங்காலம் உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கருவிப் பெட்டியைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. உங்கள் பையை நான்தான் பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தேன். வண்டி வர நேரமானது. சொல்வதற்கு அத்தனை நேரம் இருந்தது.

"அளந்தது பொய் சொல்லாதுய்யா. என் படத்துலதான் எங்கயோ பிழை. எங்கன்னுதான் தெரியல" என்றீர்கள். கண் கலங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளை மாதிரி முகம் சிறுத்திருந்தது. "மழை வரும்மா, வெரசா ஏறுங்க" என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

ஊருக்குப் போயும் விடவில்லை நீங்கள். நாலு நாளைக்கு ஒரு தடவை போன். "முப்பத்தஞ்சு என்னய்யா? முப்பத்தாறு?" கேட்கக் கேட்க நான் எண்ணைச் சொன்னேன். ஒரு எண்ணும் தவறவில்லை. எண்கள் எல்லாம் உண்மை. அவற்றுக்குக் காரணம் மட்டும் என் வாய்க்குள் இருந்தது. வேறு இடங்களுக்கு வேலைக்குப் போனால், அந்த மலைக் கட்டடத்தில் கோட்டை விட்டவர்தானே என்று கேட்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னீர்கள். பிறகு கார்த்திகையில் அந்தப் போன்.

"அய்யா, தெரிஞ்சவுக கிட்ட கருவி இரவல் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மேனேஜர் இருக்க மாட்டாருல்ல? ஒரே ஒரு தடவை அளந்து பாத்துட்டுப் போயிருறேன். கதவத் திறந்து விடுவீங்கதான?"

"வாங்க தாயி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை நான். விடிந்ததும் ஏணி போட்டு ஏறிப் பதினெட்டுக் கட்டையும் அவிழ்த்தேன். சருகைக் கூட்டினேன், வலையைத் துடைத்தேன். அடுத்த நிமிஷமே முப்பத்தேழாம் பலகையில் காற்று வேட்டியைத் தூக்கியது. நீங்கள் வந்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், உங்கள் மனசு ஆறும் என்று நினைத்தேன். அப்போதும் உங்களை ஏமாற்றத்தான் அத்தனை பாடு என்பது உறைக்கவில்லை. எது பிழை என்று தெரியாமலேதான் திரும்பிப் போயிருப்பீர்கள்.

"வத்தலக்குண்டுல ஜீப் ஏறிட்டேன்யா" என்றது கடைசிப் போன். நல்ல மழை. டீக்கடையில் குடையோடு காத்திருந்தேன். பத்தரை மணிக்கு மேலிருந்து இறங்க வேண்டிய வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ஒரு ஜீப்பைத் தள்ளிவிட்டது என்று பால்வண்டிக்காரன் வந்து சொன்னான். மூன்று பேரை உயிரோடு எடுத்தார்களாம். ஒரு பொம்பளைப் பிள்ளையை மட்டும் இல்லையாம். கையில் நீளப் பெட்டி இருந்ததா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மழை பெய்ததற்கு நீர் என்ன செய்வீர் என்று உபதேசியார் இப்போது கேட்கிறார். மழைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த மழையில் நீங்கள் அந்த ரோட்டில் இருந்ததற்கு நான்தான் காரணம்.

பத்து நாள் கழித்துப் புது என்ஜினீயர் வந்தார். நாற்பது வயசிருக்கும், அமைதியான ஆள். இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். அறை ஏற்கெனவே குளிர்ந்துதான் கிடந்தது. அவர்தான் சரிபண்ணினார் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் மேனேஜர், "முன்னாடி இருந்த மேடம் காத்தக் கம்ப்யூட்டர்லயே வாங்கிட்டாங்க" என்பார். கூட்டம் சிரிக்கும். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு வருஷம் நின்றேன்.

போன மாதம் ஒரு நாள் அப்படிச் சிரித்து முடித்து எல்லோரும் போன பிறகு, புது என்ஜினீயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பெரியவரே, பூண்டுக்குப் போயி..." என்று இழுத்தார். "தொங்கவிட்டு அளந்து பாருங்க சார். நான் சொல்றது பொய்யின்னா என்னய போலீஸுல குடுங்க" என்றேன்.

போன ஞாயிறு, தான் ஏற்றின வேகத்தைப் பழையபடி இறக்கி வைத்துவிட்டு அளந்தார். ஊரில் வீடு வீடாகக் கேட்டுப் பதினெட்டுக் கட்டு சேர்த்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். கட்டின இடத்திலேயே, கட்டின மாதிரியே கட்டினேன். கட்டின கொஞ்ச நேரத்தில் வலையில் போய் ஒட்டின சருகையும் காட்டினேன். அவர் உங்களைப் போலவே துணிக்கூட்டை இரண்டு கையாலும் பிடித்தார். முப்பத்தொன்றாம் பலகையில் வைத்தார். எண்ணைப் பார்க்க அவர் குனிவதற்கு முன்னாலேயே, நீங்கள் அன்றைக்குச் சொன்ன எண்ணைச் சொன்னேன். இரண்டு மூன்று முன்னே பின்னே, அதேதான். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் நான் முதலில் சொன்னேன், கருவி பிறகு சொன்னது. முப்பத்தேழு முடிந்ததும் அவர் கூட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து மீதிப் பலகைகளையும் அளந்து முடித்து, மடிக்கணினியைத் திறந்து உங்கள் பழைய படத்தை எடுத்தார். கூரைக்குள் அந்த வாயை முக்கால்வாசி மறைத்து வைத்து ஓடவிட்டார். கடைசி வரிசையின் தலைக்கு மேல் சிவப்பு எழும்பி முன்பக்கம் வந்து விழுந்தது, ஊதுபத்திப் புகை விழுந்த மாதிரியே. "அவங்க ரொம்பச் சரியா செஞ்சிருக்காங்க" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் மேனேஜரிடம் போனோம். அவர் முழுசாகக் கேட்டார். "இதை இப்ப எழுத்துல குடுத்தா, ஆபீஸ் கூரைக்குள்ள பூண்டு காயப்போட்டிருந்தாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். போனவங்க போயிட்டாங்க பெரியவரே. ஃபைல மூடியாச்சு" என்றார். அப்புறம் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். புது என்ஜினீயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான்தான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

ஆகவே கம்பெனி எழுதித் தராது. நான் எழுதி வாங்குகிறேன். நாற்பது பலகைக்கும் ஆவணியில் நீங்கள் அளந்தது, ஐப்பசியில் அளந்தது, போன ஞாயிறு அவர் அளந்தது, எல்லாவற்றையும் இந்த மடலின் பின்பக்கத்தில் உபதேசியார் வரிசையாக எழுதியிருக்கிறார். தாளில் ஏறின பிறகும் அவை என் தலையை விட்டு இறங்கவில்லை. தூங்கி எழுந்தால் ஒன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கின்றன, உங்கள் குரலிலேயே. முப்பதைத் தாண்டும்போது குரல் தயங்குகிறது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. வேண்டியதும் இல்லை.

இதில் இரண்டு பிரதி கேட்டிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. கல்லறைத் திருநாளில் கோயிலில் வைப்பேன். நீங்கள் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை, இருந்தாலும் வைப்பேன்.

மற்றது உங்கள் அம்மாவுக்கு. நீங்கள் போன புதிதில் அவர் இரண்டு தடவை ஆபீஸுக்குப் போன் பண்ணினார். இரண்டு தடவையும் எடுத்தது நான். "வேலைய விட்டு எடுத்துட்டீங்கல்ல, அப்புறம் எதுக்குய்யா எம் மக அந்த மழையில அங்க வந்தா?" என்று கேட்டார். யார் பேசுகிறது என்றும் கேட்கவில்லை. மேனேஜர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

"அந்தம்மா உம்ம உள்ள விடும்னு நெனைக்கிறீரா?" என்று உபதேசியார் கேட்கிறார். விடாது. விட வேண்டியதும் இல்லை. வாசலில் நின்றே சொல்வேன். உங்கள் மகள் தன் கணக்கில் பிழை தேடி வந்தாள், பிழை அவளிடம் இல்லை, அது இருந்த இடம் இந்த ஆள் என்று சொல்வேன். அவர் அடித்தாலும் சரிதான்.

கைநாட்டு வைத்துவிட்டேன். நாளை வெள்ளனே முதல் பஸ், விருதுநகருக்கு.